ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன்தானா? முழங்கால் பற்றி ஆய்வுகள் சொல்வது

எங்கள் பெரியம்மாவுக்கு வயது 58. போன மழைக்காலத்தில் மாடிப்படி இறங்கும்போது வலது முட்டியில் சுருக்கென்று ஒரு வலி. இரண்டு வாரம் தைலம் தேய்த்துப் பார்த்தார், குறையவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் மெனிஸ்கஸ் கிழிசல் என்று வந்தது. "ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா, சின்னதா துளை போட்டுச் சுத்தம் பண்ணிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லி அடுத்த வாரத்துக்கே நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தார். கேட்டது ஒரே கேள்விதான்: "கிழிஞ்சதைத் தைக்காம விட்டா இன்னும் பெருசா கிழியாதாடா?"

நான் டாக்டர் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. அந்தப் பழக்கத்தால் அவருடைய கேள்விக்கு உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. முழங்கால் ஆபரேஷன்களைப் பற்றிக் கடந்த இருபது சொச்சம் ஆண்டுகளில் மிக நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்கள்தான் அவற்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பல நேரம் அவர்கள் காதுக்கு அவை போய்ச் சேர்வதில்லை.

முதலில் இந்த 'ஜவ்வு' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் பேச்சில் முழங்காலுக்குள் எலும்பைத் தவிர மற்றதெல்லாம் ஜவ்வுதான். கபடி ஆடிக் கால் பிசகிய கல்லூரிப் பையனுக்கும் ஜவ்வு கிழிகிறது, பெரியம்மாவுக்கும் ஜவ்வு கிழிகிறது. இரண்டும் வேறு வேறு உறுப்புகள். பையனுக்கு அறுந்தது பெரும்பாலும் தசைநாராக இருக்கும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கயிறு போல இழுத்துப் பிடித்திருக்கும் நார் அது. டாக்டர்கள் ஏ.சி.எல். என்பது அப்படி ஒரு நாரைத்தான். பெரியம்மாவுக்குக் கிழிந்தது மெனிஸ்கஸ். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவத்தில் உட்கார்ந்திருக்கும் மெத்தை போன்ற பகுதி. ஒவ்வொரு முழங்காலிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு உண்டு. அதன் வெளி விளிம்புக்கு மட்டும்தான் ரத்த ஓட்டம் இருக்கிறது. இளம் வயதில் அடிபட்டு அந்த விளிம்பில் கிழிந்தால் தைக்கலாம், ஒட்டும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட கிழிசல் இல்லை. பழைய வேட்டியின் கரை நைந்து பிரிவது போன்றது. அங்கே தையல் நிற்காது. எனவே 'சுத்தம் செய்வது' என்றால் நைந்த பகுதியை நறுக்கி எடுப்பது. பெரியம்மா மனதில் வைத்திருந்த 'தைப்பது' அந்த ஆபரேஷனில் நடக்கப்போவதே இல்லை. இது அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, நைந்த பகுதியை எடுத்துவிட்டால் வலி போய்விடுமா? வலி அந்தக் கிழிசலால்தான் வருகிறது என்றால் போகவேண்டும். அங்கேதான் முதல் சிக்கல் இருக்கிறது.

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். இதயநோய் ஆய்வுகளால் பெயர் பெற்ற ஊர். அங்கே 50 முதல் 90 வயது வரை உள்ள 991 பேரைத் தேர்ந்தெடுத்து, முட்டி வலி இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காமல், எல்லோருக்கும் வலது முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2008-இல் வெளியான முடிவு இது: ஐம்பதுகளில் இருக்கும் பெண்களில் 19 சதவீதம் பேருக்கும், எழுபதைத் தாண்டிய ஆண்களில் 56 சதவீதம் பேருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்திருந்தது அல்லது சிதைந்திருந்தது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ எதுவுமே இல்லை.

ஸ்கேன் பொய் சொல்லவில்லை. கிழிசல் இருப்பது உண்மை. ஆனால் வயது ஏறினால் தலை நரைப்பதைப் போலத்தான் இதுவும். நரைத்த ஒருவருக்குத் தலைவலி வந்தால் நரைதான் காரணம் என்று நாம் சொல்வதில்லை. ஸ்கேனில் கிழிசல் தெரிகிறது, முட்டியும் வலிக்கிறது என்றால் இரண்டும் ஒரே காலில் இருக்கின்றன என்பது மட்டுமே நிச்சயம். ஒன்றால்தான் மற்றது வந்தது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

எப்படி நிரூபிப்பது? மாத்திரை என்றால் எளிது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. ஆபரேஷனுக்கு இதைச் செய்ய முடியுமா என்று கேட்டால் நமக்கே ஒருமாதிரி இருக்கிறது. ஆனாலும் செய்தார்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்றில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு அறுவை சிகிச்சை நிபுணரும் அவர் குழுவினரும் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்று பிரிவாகக் குலுக்கலில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தேய்ந்த பகுதிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு பிரிவுக்கு மூட்டை உப்புநீரால் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாம் பிரிவுக்குத் தோலில் மூன்று சிறு கீறல்கள் மட்டும். உள்ளே எந்தக் கருவியும் போகவில்லை. அரைமயக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்தால் உண்மையான ஆபரேஷன் போலவே இருக்க வேண்டும் என்று பக்கத்தில் உப்புநீரைச் சலசலக்கவிட்டார்கள். சேர்வதற்கு முன்பு ஒவ்வொருவரும், எனக்குப் போலி ஆபரேஷனே கிடைக்கலாம், அதனால் என் மூட்டுத் தேய்மானத்துக்கு எந்தப் பலனும் இராது என்று தன் கைப்பட எழுதித் தரவேண்டியிருந்தது. தகுதியிருந்த 324 பேரில் 144 பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். இருந்து கலந்துகொண்டவர்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

2002-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில் வலியிலும் நடக்கும் திறனிலும் மூன்று பிரிவுகளுக்கும் வித்தியாசமே இல்லை. 2004-இல் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், மூட்டுத் தேய்மானத்துக்காக மட்டும் செய்யப்படும் இந்த வகை ஆபரேஷனுக்குப் பணம் தருவதை நிறுத்தியது.

அறுவை சிகிச்சை நிபுணர்கள் சிலர் நியாயமான ஒரு மறுப்பைச் சொன்னார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், மூட்டு ஏற்கெனவே தேய்ந்தவர்கள், செய்ததும் ஒரே மருத்துவர். தேய்மானம் இல்லாமல் மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தவர்களுக்கு இது பொருந்தாதே என்றார்கள். பின்லாந்துக்காரர்கள் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மருத்துவமனைகள், 35 முதல் 65 வயது வரை 146 பேர். உள்பக்க மெனிஸ்கஸ் நைந்து கிழிந்திருக்கிறது, தேய்மானம் இல்லை. பெரியம்மாவைப் போன்றவர்கள்தான். முதலில் எல்லோருக்கும் துளை வழியே கேமராவை விட்டுப் பார்த்தார்கள். கிழிசல் உறுதியான பிறகுதான், யார் எந்தப் பிரிவு என்று குலுக்கலில் எழுதி மூடிவைத்த உறையை ஆபரேஷன் அறையிலேயே பிரித்தார்கள். 70 பேருக்கு உண்மையாக நறுக்கி எடுத்தார்கள். 76 பேருக்கு நறுக்குவது போன்ற பாவனை. மருத்துவர் எல்லாக் கருவிகளையும் கேட்டு வாங்குகிறார், காலை மடக்கி நீட்டுகிறார், கத்தி கழற்றிய சுரண்டும் கருவியை முட்டிச் சில்லின் மேல் வைத்து ஓட்டுகிறார். உண்மை ஆபரேஷன் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

ஓராண்டு கழித்து இரண்டு பிரிவுக்கும் முழங்கால் நிலையை 100-க்கு மதிப்பெண் போட்டு அளந்தார்கள். நறுக்கியவர்களுக்குச் சராசரியாக 21.7 கூடியிருந்தது. பாவனைப் பிரிவுக்கு 23.3. இது 2013-இல் வெளியானது. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு விவரம். பாவனைப் பிரிவில் இருந்தவர்களிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முன்பைவிடத் தேவலை என்றார்கள். மறுபடியும் தேவைப்பட்டால் இதே சிகிச்சையைச் செய்துகொள்வேன் என்று சொன்னவர்கள் பத்தில் ஒன்பதுக்கும் மேல்.

இதை நாம் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'பக்கத்து வீட்டு அக்கா ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க, இப்போ ஜம்முன்னு நடக்கிறாங்க' என்பது பொய்யே இல்லை. 'நான் ஆபரேஷன் செய்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள்' என்று மருத்துவர் சொல்வதும் அவர் கண்ணால் கண்டதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு தேறுகிறார்கள். ஆபரேஷனால்தான் தேறினார்களா என்பதற்கு மட்டும் அந்தக் காட்சியில் பதில் இல்லை. முட்டி வலி கடல் அலை போல ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் போகிறோம். உச்சத்தில் இருப்பது அதற்குப் பிறகு பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். ஆபரேஷன் முடிந்ததும் ஓய்வு கிடைக்கிறது, வீட்டில் மற்றவர்கள் வேலையைப் பார்த்துக்கொள்கிறார்கள், பிசியோதெரபி ஆரம்பிக்கிறது. இனிச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையே வலியைக் கொஞ்சம் குறைக்கிறது. இத்தனையும் சேர்ந்த பலனை நாம் கத்தியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதனால்தான் ஆபரேஷன் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும், இத்தனை சதவீதம் பேருக்குக் குணம் என்ற வரியைத் தாண்டி, 'எதோடு ஒப்பிட்டு?' என்று கேட்கச் சொல்கிறேன். ஒப்பிட ஆள் இல்லாத ஆய்வு என்றால் அந்தச் சதவீதத்தை வைத்து நாம் முடிவெடுக்க முடியாது.

பாவனை ஆபரேஷன் இல்லாமல் உடற்பயிற்சியோடு ஒப்பிட்ட ஆய்வுகளும் உண்டு. நெதர்லாந்தில் 45 முதல் 70 வயது வரையுள்ள 321 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வந்தது. பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்கள் இரண்டு ஆண்டுகள் கழித்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் குறைவில்லாமல் இருந்தார்கள். இதில் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. பயிற்சிப் பிரிவில் 29 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள். அதாவது பயிற்சி எல்லோருக்கும் போதவில்லை. ஆனால் பத்தில் ஏழு பேர் கத்தி படாமலே சமாளித்துவிட்டார்கள். ஆபரேஷன் தேவைப்பட்டவர்களுக்கும் அந்தக் கதவு திறந்தேதான் இருந்தது. 'இப்போ விட்டா அப்புறம் பண்ணவே முடியாது' என்ற அவசரம் இந்த வகைக் கிழிசலுக்குப் பொருந்துவதாக எந்த ஆய்விலும் நான் பார்க்கவில்லை.

2017-இல் மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்ட்கள், முட்டி வலி உள்ள நோயாளிகள் எல்லோரும் சேர்ந்த ஒரு சர்வதேசக் குழு, இதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து, வயதால் தேய்ந்த முழங்காலுக்கு ஆர்த்ராஸ்கோபி, அதாவது துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் சுத்தம், வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. மூன்று மாதத்தில் கிடைக்கும் பலன் 15 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு, அதுவும் சிறிய அளவில்தான், அதுவும் ஓராண்டில் கரைந்துவிடுகிறது என்பது அவர்கள் கணக்கு. பின்லாந்து ஆய்வுக்காரர்கள் ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நோயாளிகளை மறுபடி அழைத்துப் பார்த்தபோதும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் மட்டும், நறுக்கியவர்களிடம் தேய்மானம் சற்றுக் கூடுதலாக இருந்தது. மெத்தையின் ஒரு பகுதியை எடுத்தால் எலும்பின் மேல் சுமை கூடும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது ஆச்சரியம் இல்லை. பெரியம்மாவின் 'விட்டா இன்னும் கிழியாதா?' என்ற பயத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டிய தகவல் இது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆய்வுகள் எல்லாம் வயதால் நைந்த கிழிசலைப் பற்றியவை. அடிபட்டு முழங்கால் மடக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு, எவ்வளவு முயன்றும் நீட்டவே முடியவில்லை என்றால் அது வேறு கதை. கிழிந்த துண்டு மூட்டுக்குள் மடிந்து சிக்கியிருக்கலாம். அதற்கு ஆபரேஷன் தேவைப்படும், தள்ளிப்போடக்கூடாது. காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சிவந்தாலும் அப்படித்தான், அன்றைக்கே காட்ட வேண்டும். ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்று பார்க்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது ஆபத்து. 'முழங்கால் ஆபரேஷன் வீண் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும், எல்லோருக்கும் சுத்தம் செய்யலாம் என்ற அணுகுமுறையும் ஒரே தவறைத்தான் செய்கின்றன.

அந்தத் தவறு எவ்வளவு எளிதில் நடக்கும் என்பதற்கு ஏ.சி.எல். நாரே நல்ல உதாரணம். சுவீடனில் அப்போதுதான் நார் அறுந்த, சுறுசுறுப்பாக விளையாடும் 121 இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். 2010-இல் வந்த முடிவின்படி இரண்டு ஆண்டுகள் கழித்து இரு பிரிவும் சமம். பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 23 பேருக்குத்தான் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. பிரிட்டனில் 316 பேரிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானபோது ஆபரேஷன் பிரிவுதான் நன்றாக இருந்தது. ஒன்றை ஒன்று மறுக்கிறதே என்று தோன்றும். மறுக்கவில்லை. சுவீடனில் இருந்தவர்கள் புதிதாக அடிபட்டவர்கள். பிரிட்டனில் இருந்தவர்கள் அடிபட்டு நாளாகியும் முழங்கால் நிலையில்லாமல் தடுமாறிக்கொண்டே இருந்தவர்கள். நார் ஒன்றுதான், ஆட்கள் வேறு. நாளிதழ்த் தலைப்பில் இந்த வித்தியாசம் வருவதற்கு இடம் இருக்காது.

அப்புறம், முட்டி வலி என்றதும் நம் வீடுகளில் அதிகம் பேசப்படும் மூட்டு மாற்று ஆபரேஷன். துளை போட்டுச் சுத்தம் செய்வதையும் இதையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது. டென்மார்க்கில், மூட்டு மாற்றும் அளவுக்குத் தேய்மானம் முற்றிய 100 பேரை எடுத்து, எல்லோருக்கும் 12 வாரம் பயிற்சி, உணவு ஆலோசனை, வலி மாத்திரை எல்லாம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் கூடவே மூட்டையும் மாற்றினார்கள். 2015-இல் வந்த முடிவில், ஓராண்டில் மூட்டு மாற்றியவர்களுக்கு 100-க்கு 32.5 மதிப்பெண் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 16. தெளிவான வித்தியாசம். மூட்டு முற்றிலும் தேய்ந்து, தூக்கம் கெடும் அளவுக்கு வலி உள்ளவருக்கு இந்த ஆபரேஷன் வாழ்க்கையைத் திருப்பித் தருகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதே ஆய்வின் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். தீவிரமான பக்கவிளைவுகள் மூட்டு மாற்றியவர்களிடம் 24, மற்றவர்களிடம் 6. ஆபரேஷன் இல்லாத 50 பேரில் 13 பேர்தான் அந்த ஆண்டுக்குள் மூட்டு மாற்றிக்கொள்ளப் போனார்கள். மூட்டு மாற்று நல்ல ஆபரேஷன், சின்ன ஆபரேஷன் இல்லை. இதைச் செய்துகொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நீண்டகால வலியோ அதிருப்தியோ மிஞ்சுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. 'நூற்றுக்கு நூறு' என்று எங்காவது எழுதியிருந்தால் அது ஆய்விலிருந்து வந்த எண் இல்லை.

எத்தனை வயதில் செய்வது என்பதும் பெரிய கேள்வி. செயற்கை மூட்டு எத்தனை காலம் தாங்கும்? பல ஆண்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் வந்த கணக்கின்படி, முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. நல்ல செய்திதான். ஆனால் 25 ஆண்டுகள் என்பது 70 வயதுக்காரருக்கு ஒரு பொருள், 52 வயதுக்காரருக்கு வேறு பொருள். பிரிட்டனில் 2017-இல் வெளியான ஆய்வில், எழுபதைத் தாண்டிச் செய்துகொண்டவர்கள் வாழ்நாளில் இரண்டாவது முறை மாற்றவேண்டி வரும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே செய்துகொண்ட ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை போகிறது. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினமானது. எப்படியும் செய்யத்தானே வேண்டும், சின்ன வயசிலேயே முடிச்சுக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

நமக்கென்று ஒரு கேள்வியும் இருக்கிறது. டென்மார்க்கில் யாரும் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவதில்லை, கோயிலில் உட்கார்ந்து எழுவதில்லை. மூட்டு மாற்றியவர்கள் தரையில் உட்காருவதையும் இந்தியக் கழிப்பறையையும் தவிர்க்கச் சொல்வது இங்கே வழக்கம். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத ஒருவருக்கு, குத்துக்காலிட்டு நாற்று நடும் ஒருவருக்கு, வெளிநாட்டு மதிப்பெண்ணைவிட இது முக்கியம். ஆபரேஷனுக்கு முன்பே வாய்விட்டுக் கேட்கவேண்டிய விஷயம்.

இப்போது எங்கு பார்த்தாலும் ரோபோ. விளம்பரப் பலகைகளில் 'ரோபோட்டிக் மூட்டு மாற்று' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ரோபோ உதவினால் எலும்பை வெட்டும் கோணம் துல்லியமாக அமைகிறது, அது எக்ஸ்ரேயில் தெரிகிறது. ஆனால் நோயாளிக்கு வேண்டியது எக்ஸ்ரேயில் கோணம் இல்லை, வலியில்லாமல் நடப்பது. தென்கொரியாவில் 1,400-க்கும் மேற்பட்டோரை ரோபோ, வழக்கமான முறை என்று இரண்டாகப் பிரித்துச் செய்து, குறைந்தது பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2020-இல் வந்த முடிவு: நடமாட்டத்திலும் வலியிலும் மூட்டு தாங்கும் காலத்திலும் வித்தியாசம் இல்லை. அது பழைய தலைமுறை ரோபோ, இன்றைய கருவிகள் வேறு. உண்மைதான். அப்படியென்றால் இன்றைய கருவிக்கும் அதேபோல் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அதுவரைக்கும் ரோபோவுக்கு என்று வாங்கும் கூடுதல் தொகையை, நிரூபணமான பலனுக்குக் கொடுப்பதாக நினைக்க வேண்டாம்.

புதியது, சிறு துளை, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பவை எல்லா நேரமும் நல்லதுதான் என்ற நம்பிக்கைக்கு மிகக் கடுமையான அடி கொடுத்த ஆய்வு முழங்காலைப் பற்றியது இல்லை என்றாலும் இங்கே சொல்ல வேண்டும். ஆரம்பநிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து செய்வதா, லேப்ராஸ்கோபி அல்லது ரோபோ வழியே சிறு துளையில் செய்வதா என்று 33 மருத்துவமனைகளில் 631 பெண்களிடம் ஒப்பிட்டார்கள். சிறு துளை முறை ஏற்கெனவே பல நாடுகளில் பரவியிருந்தது. தழும்பு சிறியது, ரத்த இழப்பு குறைவு. 2018-இல் முடிவு வந்தபோது எல்லோரும் திகைத்தார்கள். நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்து செய்த பிரிவில் 96.5 சதவீதம், சிறு துளைப் பிரிவில் 86 சதவீதம். மூன்று ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் 99 சதவீதம், 93.8 சதவீதம். மருத்துவ வழிகாட்டுதல்கள் அதன் பிறகு மாற்றி எழுதப்பட்டன. தழும்பின் அளவை அளந்த ஆய்வுகளில் இது தெரியவே தெரியாது. எதை அளந்தார்கள், எவ்வளவு காலம் அளந்தார்கள் என்று கேட்பது அதனால்தான்.

இன்னொரு சின்ன விஷயம், சதவீதம். வயிற்று ஆபரேஷனில் தோலை மூடுவதற்கு முன் கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றினால் புண்ணில் கிருமித் தொற்று குறைகிறதா என்று இந்தியா உள்பட ஏழு நாடுகளில் 13,301 பேரிடம் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. இதையே 'தொற்று அபாயம் சுமார் 15 சதவீதம் குறைவு' என்றும் எழுதலாம், '100 பேரில் 3 பேருக்குக் குறைவு' என்றும் எழுதலாம். இரண்டும் சரி. நமக்குப் புரிவது இரண்டாவது. பெரிய சதவீதம் எதையாவது படித்தால் நூறு பேரில் எத்தனை பேர் என்று மாற்றிப் பாருங்கள். அதிகச் செலவில்லாத இந்தக் கையுறை மாற்றத்துக்கு நூற்றில் மூன்று என்பது அருமையான பலன். லட்ச ரூபாய் ஆபரேஷனுக்கு அதே நூற்றில் மூன்று என்றால் யோசிக்கலாம்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் ஒப்புதல் படிவம் ஒன்றையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். "உள்ளே கேமரா விட்டுப் பார்த்துட்டு, தேவையானதைப் பண்ணிடுவோம்" என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பார்ப்பதற்காக மட்டும் லேப்ராஸ்கோபிக்கு ஒப்புதல் தந்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோதே கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்புச் சொன்னது. சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது. உயிருக்கு ஆபத்து என்ற அவசரம் இல்லாதபோது, நோயாளி கண்விழிக்கும்வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். வெளியே இருந்த தாயிடம் வாங்கிய சம்மதமும் செல்லாது, ஏனென்றால் நோயாளி வயது வந்தவர். எனவே படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது, எதை நறுக்குவார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. கேட்பது உரிமை. நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விகளை விரும்பவே செய்கிறார்கள் என்பது என் அனுபவம்.

நாங்கள் இரண்டாவதாக வேறொரு எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். அவர் ஸ்கேன் கவரைப் பிரிப்பதற்கு முன்னால் பெரியம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். பூட்டிக்கொள்கிறதா, நடக்கும்போது தடுமாறி விழப்போகிறதா, ராத்திரி வலியில் எழுந்திருக்கிறீர்களா என்று கேட்டார். எதுவும் இல்லை. "தொடைக்குப் பயிற்சி பண்ணுங்கம்மா, நாலு கிலோ குறைங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல நாலு கிலோ பாரம் குறையும். மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் முடியலைன்னா வாங்க, நான் எங்கயும் போகப்போறதில்ல" என்றார். பெரியம்மா விடவில்லை, என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். "கிழியலாம்மா. ஆனா நான் நறுக்கினா அந்த இடம் நிச்சயமா குறையும்" என்று பதில் வந்தது.

மூன்று மாதம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மாடி ஏறுவது எளிதாகிவிட்டது என்கிறார், இறங்கும்போது மட்டும் கைப்பிடியை விடுவதில்லை. பயிற்சியால்தான் இவ்வளவு தேறினார் என்று நான் எழுத மாட்டேன். வலி தானாகவே இறங்கியிருக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் இன்னொரு பெரியம்மா இல்லை. அவருடைய மெனிஸ்கஸ் முழுசாக உள்ளேயே இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.